பென் டிரைவ் உபுண்டு நிறைந்து நின்றுவிட்டது. என் சொற்பட்டியலை மீட்க வழி உண்டா?

திருத்தக்காரி (செவ்வாய், இரவு 9:50)

வணக்கம். நான் மெய்ப்புத் திருத்துபவள். 14 வருடமாக இதுதான் வேலை. சென்னையில் மூன்று அச்சகங்களுக்கு முறை வைத்துப் போகிறேன். திங்கள், செவ்வாய் திருவல்லிக்கேணி. புதன், வியாழன் ராயப்பேட்டை. வெள்ளிக்கிழமை வடபழனி. முன்பெல்லாம் தாளில் குறி போட்டுக் கொடுத்தால் போதும். இப்போது பாதிக்கு மேல் திரையிலேயே நடக்கிறது. லிப்ரே ஆபிஸ் மென்பொருளில் மாற்றங்களைப் பதிவு செய்யும் வசதியைப் போட்டுவிட்டுத் திருத்துவேன்.

மூன்று இடத்திலும் கணினி மூன்று விதம். ஓரிடத்தில் பாமினி விசைப்பலகை மட்டும்தான், இன்னோரிடத்தில் பழைய தட்டச்சு முறை. எனக்குக் கை பழகியது தமிழ்99. எதையும் நிறுவக் கூடாது என்று மூன்று பேருமே சொல்லிவிட்டார்கள், அது நியாயம்தான், அவர்கள் இயந்திரம். அதோடு பென் டிரைவைச் செருகினால் கோப்பெல்லாம் ஷார்ட்கட்டாக மாறிப்போகும் வைரஸ் வேறு. வீட்டு மடிக்கணினியில் ஹார்ட் டிஸ்க் போய் எட்டு மாதம் ஆகிறது.

இதையெல்லாம் பார்த்த அக்கா மகன் போன வருடம் ஒரு 32 ஜிபி பென் டிரைவில் ரூஃபஸ் (பென் டிரைவில் இயங்குதளத்தை எழுதும் நிரல்) மூலம் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தான். நான் செய்யும் மாற்றங்கள் தங்குவதற்கு 4 ஜிபி ஒதுக்கியிருப்பதாகச் சொன்னான். அன்றிலிருந்து எந்தக் கணினியில் செருகினாலும் என் எழுத்துரு, என் விசைப்பலகை, என் அகராதி. வீட்டிலும் அதே. கைப்பையில் ஒரு கணினியையே வைத்திருந்த மாதிரி இருந்தது. உண்மையாகவே வேலை இரண்டு மடங்கு லேசானது.

போன வியாழக்கிழமை புதுப்பிப்பு இருக்கிறது என்று ஒரு பெட்டி வந்தது. சரி என்று அழுத்தினேன். பாதியில் இடம் போதவில்லை என்றது. அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். உபுண்டு சின்னம் வருகிறது, அப்புறம் கறுப்புத் திரை. அவ்வளவுதான். ஐந்து நாளாக இதே நிலை.

அதில் இரண்டு இருக்கின்றன. ஒன்று, இரண்டரை ஃபாரம் திருத்தம், 40 பக்கம். அது போனால் மறுபடி உட்கார்ந்து செய்துவிடுவேன். மற்றது என் சொற்பட்டியல். லிப்ரே ஆபிஸ் பயனர் அகராதியில் நான்கு வருடமாகச் சேர்த்தது. ஊர்ப் பெயர்கள், ஒற்று மிகும் மிகாத கூட்டுச் சொற்கள், ஒவ்வோர் ஆசிரியரும் பிடிவாதமாக எழுதும் தனி வடிவங்கள் என்று ஆறாயிரம் சொற்களுக்கு மேல். மார்ச் மாதம் எனக்கே மின்னஞ்சலில் அனுப்பி வைத்த நகல் ஒன்று இருக்கிறது. அதற்குப் பின் சேர்த்ததெல்லாம் இந்தப் பென் டிரைவில் மட்டும்தான்.

அதை எடுக்க முடியுமா? அப்புறம், பென் டிரைவில் இப்படி முழு இயங்குதளத்தை வைத்து ஓட்டுவதே தவறா? இன்னொன்றும் உண்டு. நான் வேலை செய்துவிட்டுப் போன பிறகு ராயப்பேட்டைக் கணினியில் மணி தப்பாகிவிடுகிறது என்று உரிமையாளர் இரண்டு முறை சொல்லிவிட்டார். காலை 10 மணிக்கு 4:30 காட்டுகிறதாம். அதுவும் என்னால்தானா?

ரிச்சி தெரு (செவ்வாய், இரவு 10:15)

மேடம், முதலில் அந்தப் பென் டிரைவில் எதையும் எழுதாதீர்கள். ரூஃபஸை மறுபடி ஓட்டிப் பார்க்கவே கூடாது, மொத்தமும் போய்விடும். விண்டோஸ் கணினியிலும் செருகாதீர்கள். அதில் உள்ள லினக்ஸ் பகுதியை விண்டோஸால் படிக்க முடியாது. "இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று பெட்டி காட்டும். கடையில் வாரம் ஒருவராவது அதில் சரி கொடுத்துவிட்டு வந்து நிற்கிறார்.

மீட்டு முடித்த பிறகு இந்த வேலைக்குச் சாதாரணப் பென் டிரைவை விட்டுவிடுங்கள். 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) ஒன்று, அதைப் போட யுஎஸ்பி 3 பெட்டி ஒன்று. உள்ளங்கை அளவுதான். எங்கே வாங்கினாலும் முதல் நாளே எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 ஓட்டி முழுக் கொள்ளளவும் உண்மைதானா என்று பாருங்கள். 128 என்று அச்சடித்து உள்ளே 16 இருக்கும் பென் டிரைவ்கள் சந்தையில் நிறையவே சுற்றுகின்றன. 16 நிறையும் வரை ஒன்றும் தெரியாது, அதற்கு மேல் எழுதுவது எல்லாம் காற்றில் போகும்.

பழங்கணினி (செவ்வாய், இரவு 11:30)

சகோதரி, பயப்பட வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பென் டிரைவ் பழுதாகவில்லை, இடம்தான் தீர்ந்திருக்கிறது. சொற்பட்டியல் உள்ளேயே இருக்க வேண்டும்.

உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். அந்த உபுண்டு ஒரு அச்சான புத்தகம். அழுத்திச் சுருக்கிய ஒரே கோப்பாக இருக்கும், அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. நீங்கள் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் அந்தப் பக்கத்தின் மேல் ஒட்டும் திருத்தத் தாள் போல வேறோர் இடத்தில் சேர்கிறது. அந்த இடம்தான் உங்கள் அக்கா மகன் ஒதுக்கிய 4 ஜிபி. பென் டிரைவ் 32 ஆக இருந்தாலும் உங்களுக்கு எழுதக் கிடைத்தது 4 மட்டுமே.

இதில் புதுப்பிப்பு ஏன் ஆபத்து என்றால், பழைய நிரல் அச்சான பக்கத்தில் அப்படியே கிடக்கும், புதியது முழுவதும் திருத்தத் தாளில் ஏறும். எதுவும் குறையாது, கூடிக்கொண்டே போகும். இறக்கிய பொதிகள் வேறு தனியாக இடம் பிடிக்கும். கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையக்கரு, புதுப்பிப்பு வந்தால் இன்னும் மோசம். இந்த அமைப்பில் பூட் ஆவது ஐஎஸ்ஓவில் (முதலில் பென் டிரைவில் எழுதிய இயங்குதளப் படக் கோப்பு) வந்த பழைய கெர்னல்தான். ஆகவே புதியது சில நூறு எம்பியை விழுங்கிவிட்டு ஒன்றுக்கும் பயன்படாமல் உட்கார்ந்திருக்கும். இடம் பூஜ்யம் ஆனதும் மேசைத் திரை தன் சிறு கோப்புகளைக்கூட எழுத முடியாமல் கறுப்பாக நிற்கிறது.

மீட்கும் வழி இது. இன்னொரு 16 ஜிபி பென் டிரைவ் எடுங்கள். அச்சகத்தில் அனுமதி கேட்டு, ரூஃபஸ் மூலம் எம்எக்ஸ் லினக்ஸ் 23 என்ற இன்னொரு லினக்ஸின் ஐஎஸ்ஓவை டிடி முறையில், அதாவது படத்தை அப்படியே, எழுதுங்கள். நிறுவத் தேவையில்லை, ரூஃபஸ் ஒற்றைக் கோப்பாகவே ஓடும். எழுதும்போது எந்த டிரைவைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள் என்று இரண்டு முறை பாருங்கள். பழைய பென் டிரைவ் அப்போது வீட்டிலேயே இருக்கட்டும்.

வீட்டு மடிக்கணினியில் ஹார்ட் டிஸ்க் இல்லாதது இந்த வேலைக்கு நல்லதாகிவிட்டது, தவறி அழிக்க அங்கே ஒன்றுமே இல்லை. புதியதில் பூட் செய்து, மேசைத் திரை வந்த பிறகு பழையதைச் செருகுங்கள். கோப்பு மேலாளரில் 4 ஜிபி அளவில் ஒரு பகுதி தெரியும். பெயர் 'ரைட்டபிள்' அல்லது 'காஸ்பர்-ஆர்டபிள்யூ' என்று இருக்கும். அதைத் திறந்தால் 'அப்பர்' என்று ஒரு அடைவு. உங்கள் திருத்தத் தாள்கள் எல்லாம் அதற்குள்தான். அப்பர், ஹோம், உபுண்டு என்று உள்ளே போங்கள். கண்ட்ரோலும் எச்சும் சேர்த்து அழுத்தினால் மறைந்த அடைவுகள் தெரியும். புள்ளியில் தொடங்கும் 'கான்ஃபிக்', அதற்குள் லிப்ரே ஆபிஸ், 4, யூசர், 'வேர்ட்புக்'. அங்கே 'ஸ்டாண்டர்ட்' என்ற பெயரில் டிக் என முடியும் கோப்பு இருக்கும். வேறு அகராதிப் பெயர் கொடுத்திருந்தால் அதுவும் அங்கேயே இருக்கும். வெறும் உரைக் கோப்பு, எந்தத் திருத்தியிலும் திறக்கும்.

நகல் மட்டும் எடுங்கள். இடம் உண்டாக்கலாம் என்று எதையும் அழிக்க வேண்டாம். எடுத்த கையோடு உலாவியைத் திறந்து உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.

திருத்தக்காரி (வியாழன், இரவு 8:20)

ஐயா, நீங்கள் சொன்ன மாதிரியே செய்தேன். எம்எக்ஸ் நன்றாகவே பூட் ஆனது. 'அப்பர்' இருக்கிறது, 'ஹோம்' இருக்கிறது. 'உபுண்டு' அடைவின் மேல் ஒரு பூட்டுக் குறி. திறந்தால் அனுமதி இல்லை என்கிறது. கதவு வரைக்கும் வந்து நிற்கிறேன். கை நடுங்குகிறது, எதையும் அழுத்தாமல் இதை எழுதுகிறேன்.

பழங்கணினி (வியாழன், இரவு 8:35)

நிறுத்தியது நல்லது. அது பழுதில்லை. அந்த அடைவு பழைய அமைப்பின் 'உபுண்டு' பயனருக்குச் சொந்தம், இப்போது நீங்கள் 'டெமோ' என்ற வேறு பயனர். ஹோம் அடைவில் வெற்றிடத்தில் வலது கிளிக் செய்தால் 'ரூட் துனார்' (எல்லா அனுமதியும் உள்ள ரூட் பயனராகத் திறக்கும் கோப்பு மேலாளர்) திறக்க ஒரு வரி இருக்கும். கடவுச்சொல் கேட்டால் டெமோ என்று ஆங்கிலச் சிறு எழுத்தில் கொடுங்கள், ஏற்காவிட்டால் ரூட். அந்தச் சாளரத்தில் பூட்டு தடுக்காது. கோப்பை டெமோவின் டாகுமெண்ட்ஸ் அடைவுக்கு நகல் எடுத்தவுடன் அந்தச் சாளரத்தை மூடிவிடுங்கள். ரூட் சாளரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வேறு வேலை பார்க்கக் கூடாது.

திருத்தக்காரி (வியாழன், இரவு 9:10)

வந்துவிட்டது! 6,842 வரிகள். கடைசி வரியில் போன புதன்கிழமை நான் சேர்த்த ஊர்ப் பெயர்கூட இருக்கிறது. இரண்டு மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பிவிட்டேன், என் தோழிக்கும் ஒரு நகல் அனுப்பி அவளிடமே வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

40 பக்கக் கோப்பு கிடைத்தது, ஆனால் அளவு பூஜ்யம் காட்டுகிறது. கடைசியாகச் சேமிக்கும்போது இடம் இல்லாமல் போயிருக்கிறது என்று நினைக்கிறேன். பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் முடிந்துவிடும்.

ஐயா, எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இனி இப்படி ஆகாமல் இருக்க எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். கைப்பையில் கணினி வைத்திருக்கும் பழக்கத்தை விட எனக்கு மனமில்லை.

பழங்கணினி (வெள்ளி, காலை 6:45)

விட வேண்டாம். இது தவறான பழக்கம் இல்லை. ஜெர்மனியில் கிளவுஸ் க்னாப்பர் 2000இல் வெளியிட்ட க்னாப்பிக்ஸை ஒரு குறுந்தட்டிலிருந்து ஓட்டிப் பார்த்த நாள் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. 700 எம்பி தட்டில் ஏறத்தாழ 2 ஜிபி நிரல்களைச் சுருக்கி வைத்திருந்தார்கள். ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே முழு மேசைத் திரை வந்தது. தட்டில் எழுத முடியாது என்பதால் அப்போது உங்கள் சிக்கலும் வரவில்லை. எழுத முடிகிற பென் டிரைவ் வந்த பிறகுதான் எல்லோரும் அதை ஹார்ட் டிஸ்க் போலவே நடத்தத் தொடங்கினோம். அங்கேதான் பிழை.

பென் டிரைவ் படிப்பதில் கெட்டிக்காரன். பெரிய கோப்பை ஒரே ஓட்டமாக எழுதுவதிலும் சுமார். சிறு சிறு துணுக்குகளை இங்கும் அங்கும் எழுதச் சொன்னால்தான் திணறும். ஃபிளாஷ் நினைவகத்தில் ஏற்கெனவே எழுதிய இடத்தின் மேல் நேராக எழுத முடியாது. ஒரு பெரிய கட்டத்தையே அழித்துத்தான் மறுபடி எழுத வேண்டும். 4 கேபி மாற்றத்துக்கு உள்ளே பல எம்பி நகரலாம். மலிவான பென் டிரைவ்கள் பலவற்றில் இப்படிப்பட்ட துணுக்கு எழுத்து நொடிக்கு 1 எம்பியைக்கூடத் தொடாது. ஆனால் இயங்குதளம் நாள் முழுக்கச் செய்வது அதைத்தான்: உலாவியின் தற்காலிகக் கோப்பு, பதிவேடு, அமைப்புக் கோப்பு. வேகம் போகும், ஆயுளும் குறையும். எஸ்எஸ்டியில் இதைச் சமாளிக்கிற நல்ல கட்டுப்பாட்டுச் சில்லு இருக்கிறது. ரிச்சி தெரு நண்பர் சொன்னதை அப்படியே ஏற்கிறேன்.

எம்எக்ஸ் பக்கம் உங்களைத் தள்ளியதற்குக் காரணம் அதன் நிலைத்தன்மை ஏற்பாடு, அதாவது செய்த மாற்றங்கள் அணைத்த பிறகும் தங்கும் வசதி. அதில் ரூட் (இயங்குதளப் பகுதி), ஹோம் (உங்கள் சொந்தக் கோப்புகள்) இரண்டையும் தனித்தனியாக நிலைநிறுத்தலாம். பூட் பட்டியலில் 'பெர்சிஸ்ட் ஆல்' தேர்ந்தெடுத்தால் நிரல்கள், அமைப்பு தொடர்பான மாற்றம் எல்லாம் நாள் முழுக்கக் கணினியின் நினைவகத்தில் (ரேமில்) மட்டும் இருக்கும். அணைக்கும்போது ஒரே தடவையாக எழுதும். அன்று ஏதாவது குழப்பம் ஆகிவிட்டதா? சேமிக்காமல் அணைத்துவிட்டால் நேற்றைய நிலைக்கே திரும்பிவிடலாம். உங்கள் ஹோம் மட்டும் அவ்வப்போது நேராக எழுதப்படும், அதனால் அகராதியில் சேர்த்த சொல் அணைக்கும் வரை காத்திருக்காது. நடுவில் மின்சாரம் போனாலும் அதுவரை சேமித்த கோப்பு இருக்கும்.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இப்போது கையில் இருக்கும் 16 ஜிபியில் பூட் செய்து, எஸ்எஸ்டியைச் செருகி, எம்எக்ஸின் லைவ் யுஎஸ்பி மேக்கரைத் திறங்கள். படமாக எழுதும் முறை வேண்டாம், முழு வசதி முறையைத் தேர்ந்தெடுங்கள், அதில்தான் நிலைத்தன்மை வேலை செய்யும். மறையாக்கத்துக்கு (கடவுத்தொடர் இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி பூட்டுவதற்கு) ஒரு பெட்டி இருக்கும். அதைக் கட்டாயம் தேர்ந்தெடுங்கள். உங்களிடம் இருப்பது இன்னும் வெளிவராத பிறர் கையெழுத்துப் படிகள். பேருந்தில் கைப்பை தொலைந்தால் அடுத்தவர் அதைத் திறந்து படிக்கும்படி இருக்கக் கூடாது. பூட் ஆகும்போது ஒரு கடவுத்தொடர் கேட்கும், அவ்வளவுதான் தொல்லை. 'டெமோ', 'ரூட்' கடவுச்சொற்களையும் முதல் நாளே மாற்றுங்கள், அவை உலகத்துக்கே தெரிந்தவை.

பிறகு தமிழ்த் தட்டச்சுக்கான ஐபஸ், எம்17என் பொதிகளை நிறுவித் தமிழ்99ஐச் சேருங்கள். எழுத்துருக்களைப் போடுங்கள். எல்லாம் உங்கள் விருப்பப்படி அமைந்த பிறகு ஒரு முறை 'ரீமாஸ்டர்' செய்யுங்கள். ஒட்டிய திருத்தத் தாள்களை எல்லாம் சேர்த்துப் புத்தகத்தையே மறுபதிப்பு போடுகிற வேலை அது. மேலே சேர்ந்த சுமை மறைந்து புதிதாகத் தொடங்கும். பெரிய புதுப்பிப்பு செய்தால் மறுபடி ஒரு ரீமாஸ்டர். எனக்கு வருடத்துக்கு இரண்டு முறை போதுமாக இருக்கிறது.

வேர்ட்புக் அடைவை வாரம் ஒரு முறை வேறிடத்தில் நகல் எடுங்கள். எஸ்எஸ்டியும் ஒரு நாள் சொல்லாமல் சாகும். அதை மட்டும் நான் தள்ளிப்போட விடமாட்டேன்.

கோவை ஆய்வகம் (வெள்ளி, மதியம் 1:05)

அக்கா, மணி விஷயம் யாரும் சொல்லவில்லை. நான் கல்லூரி ஆய்வகம் பார்க்கிறவன், எங்களுக்கு இது தினசரிப் பாடு.

ஆமாம், உங்களால்தான். கணினியின் தாய்ப்பலகையில் ஒரு கடிகாரம் ஓடுகிறது. விண்டோஸ் அதை இந்திய நேரம் என்றே எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் அதை உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொள்ளும். இணையம் கிடைத்ததும் லினக்ஸ் சரியான நேரத்தைத் தெரிந்துகொண்டு, அந்தக் கடிகாரத்தைப் பொது நேரத்துக்கு மாற்றி எழுதிவிடும். அடுத்த நாள் விண்டோஸ் வந்து பார்த்தால் ஐந்தரை மணி நேரம் பின்னால். 10 மணி 4:30 ஆனது இப்படித்தான். எம்எக்ஸில் தேதி நேரக் கருவியில் வன்பொருள் கடிகாரத்துக்குத் தனித் தாவல் இருக்கிறது. அதில் உள்ளூர் நேரம் என்று வைத்து, நேர மண்டலத்தை ஆசியா கொல்கத்தா ஆக்கிவிடுங்கள். ரூட் மாற்றத்தைச் சேமித்தால் அதன்பின் எந்த அச்சகத்திலும் மணி தவறாது.

அதைவிட முக்கியமானது அவர்கள் டிஸ்க். யுஎஸ்பியில் பூட் செய்தால் விண்டோஸ் கடவுச்சொல் உங்களைத் தடுக்காது. மறையாக்கம் இல்லாத டிஸ்க் என்றால் அவர்கள் கோப்பு முழுவதும் உங்களுக்குத் தெரியும். நீங்கள் பார்க்கமாட்டீர்கள் என்பது வேறு. உரிமையாளரிடம் இதை நேராகச் சொல்லி அனுமதி வாங்கிவிடுங்கள். உள் டிஸ்க் தானாக இணையாதபடி அமைப்பிலும் மாற்றிவிடுங்கள். எங்கள் ஆய்வகத்தில் மாணவர்களிடம் நான் கேட்பதும் இந்த இரண்டைத்தான்.

விண்டோஸ் 8இலிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒன்று இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தாலும் பாதி உறக்கத்தில்தான் போகும், டிஸ்க் முழுதாக மூடப்படாது. அந்த நிலையில் லினக்ஸிலிருந்து அதில் வலுக்கட்டாயமாக எழுதினால் கோப்பு அமைப்பு கெடும். நீங்கள் பூட் செய்வதற்கு முன் விண்டோஸில் ரீஸ்டார்ட் கொடுத்து, அது எழும்போது பூட் பட்டியல் விசையை அழுத்துங்கள். ரீஸ்டார்ட்டில் முழுதாக மூடும்.

பயாஸ் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) உள்ளே போய் எதையும் மாற்றாதீர்கள், செக்யூர் பூட் உட்பட. டிஸ்க்கில் பிட்லாக்கர் (விண்டோஸின் மறையாக்கம்) இருந்தால் அந்த மாற்றத்தைப் பார்த்துவிட்டு அடுத்த முறை 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். பல இடங்களில் அந்தச் சாவி எங்கே இருக்கிறது என்று உரிமையாளருக்கே தெரியாது. ஒரு முறைக்கான பூட் பட்டியல் மட்டும் போதும். டெல், லெனோவோவில் எஃப்12. எச்பியில் எஃப்9. ஆசுஸ் மடிக்கணினியில் எஸ்கேப். ஏசரில் எஃப்12, ஆனால் அதை பயாஸில் முதலில் இயக்கியிருக்க வேண்டும், அதை உரிமையாளரே செய்யட்டும்.

அச்சகத்தோடு கோப்பு கொடுத்து வாங்கத் தனியாக ஒரு சின்னப் பென் டிரைவ் வைத்துக்கொள்ளுங்கள். இந்த எஸ்எஸ்டி ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸில் ஒரு நாளும் செருகப்படக் கூடாது. ரிச்சி தெரு அண்ணன் சொன்ன ஃபார்மட் பெட்டிக்கும் ஷார்ட்கட் வைரஸுக்கும் சேர்த்து இதுதான் மருந்து.

புதுவை வாசகன் (வெள்ளி, மாலை 5:20)

நடுவில் ஒரு சந்தேகம். விண்டோஸையே இப்படி யுஎஸ்பியில் ஓட்ட முடியாதா? அச்சகங்களில் எல்லாம் விண்டோஸ்தானே.

கோவை ஆய்வகம் (வெள்ளி, மாலை 6:00)

விண்டோஸ் டு கோ என்று ஒன்று இருந்தது. விண்டோஸ் 8 என்டர்பிரைஸ் பதிப்போடு வந்தது. பெரிய பதிப்புப் புதுப்பிப்புகளை அது ஏற்காது, அதற்கென்று சான்று பெற்ற டிரைவும் வேண்டும் என்ற காரணங்களைச் சொல்லி 2020இல், விண்டோஸ் 10இன் '2004' என்ற எண்ணுள்ள பதிப்பில், மைக்ரோசாஃப்ட் நீக்கிவிட்டது. ரூஃபஸில் அந்தப் பெயரில் ஒரு தெரிவு இன்றும் உண்டு, ஓடவும் செய்யும். ஆனால் கணினிக்குக் கணினி மாறும்போது உரிமமும் டிரைவர்களும் தகராறு செய்யும். அக்காவின் வேலைக்கு நான் சொல்லமாட்டேன்.

திருத்தக்காரி (மூன்று வாரம் கழித்து, சனி, காலை 11:15)

எல்லோருக்கும் வணக்கம். நடந்ததைச் சொல்லாமல் விடக் கூடாது என்று எழுதுகிறேன்.

எஸ்எஸ்டி வாங்கி, முதலில் கொள்ளளவைச் சோதித்தேன், சரியாக இருந்தது. மறையாக்கத்தோடு எம்எக்ஸ் போட்டேன். லைவ் யுஎஸ்பி மேக்கரில் மட்டும் ஒரு மாலை முழுக்கப் போனது, முதல் முறை படமாக எழுதும் முறையிலேயே விட்டுவிட்டேன், அதனால் நிலைத்தன்மை வரவில்லை. இரண்டாவது முறை சரியாக வந்தது. தமிழ்99 வந்ததும் முதலில் சொற்பட்டியலைத்தான் உரிய அடைவில் வைத்தேன். பிறகு ரீமாஸ்டர்.

மூன்று உரிமையாளர்களிடமும் நேராகப் பேசினேன். இருவர் உடனே சரி என்றார்கள். ஒருவர் ஒரு நாள் யோசித்துவிட்டு, அவர் டிஸ்க் என் திரையில் வருகிறதா என்று பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார். அவர் அப்படிப் பார்த்தது எனக்கும் நிம்மதி.

திருவல்லிக்கேணியில் எஃப்12, ராயப்பேட்டையில் எஃப்9. ராயப்பேட்டையில் நீலநிற யுஎஸ்பி துளையில் (வேகமான யுஎஸ்பி 3) செருகினால் ஒரு நிமிடத்துக்குள் மேசைத் திரை வந்துவிடுகிறது. முன்பக்கத்துக் கறுப்புத் துளையில் செருகியபோது அதைவிட நன்றாகவே தாமதமானது, இப்போது பின்பக்கம் கை விட்டே செருகுகிறேன். மணி சரியாக இருக்கிறது, உரிமையாளரே கூப்பிட்டுச் சொன்னார்.

போன செவ்வாய் மதியம் மின்சாரம் போனது. யுபிஎஸ் இல்லாத கணினி. மறுபடி வந்து திறந்து பார்த்தேன். கடைசியாகச் சேமித்த பத்தி வரைக்கும் இருந்தது, அன்று காலை சேர்த்த ஒன்பது சொற்களும் அகராதியில் இருந்தன. அந்த 40 பக்கத்தையும் அந்த ஞாயிறன்றே முடித்துக் கொடுத்துவிட்டேன், புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது.

இன்னும் சரியாகாதது வடபழனி. அங்கே இருப்பது 2 ஜிபி நினைவகம் உள்ள பழைய இயந்திரம், யுஎஸ்பி துளை எல்லாம் கறுப்பு. பூட் ஆகிறது, ஆனால் 200 பக்கக் கோப்பைத் திறந்தால் திணறி நிற்கிறது. மாற்றங்கள் நினைவகத்தில் தங்குவதால்தான் அங்கே இன்னும் நெருக்கடி என்று தோன்றுகிறது. என்ன செய்யலாம்?

பழங்கணினி (சனி, மதியம் 12:40)

சரியாகக் கணித்திருக்கிறீர்கள். அந்த இயந்திரத்தில் மட்டும் பூட் பட்டியலில் 'பெர்சிஸ்ட் ஸ்டாட்டிக்' தேர்ந்தெடுங்கள். ரூட் மாற்றங்கள் நினைவகத்தில் தங்காமல் நேராக டிஸ்க்கில் எழுதப்படும். உங்களிடம் இருப்பது எஸ்எஸ்டி, அதனால் கவலை இல்லை. கோப்பைத் திறக்கும் முன் உலாவியை மூடிவிடுங்கள்.

அதிலும் திணறினால் அந்தப் பழைய 16 ஜிபி பென் டிரைவில் ஆன்டிஎக்ஸ் என்ற இன்னும் லேசான லினக்ஸைப் போட்டுப் பாருங்கள். எம்எக்ஸின் லைவ் கருவிகள் எல்லாம் அங்கேயும் அதேதான், புதிதாக எதுவும் கற்க வேண்டாம். மேசைத் திரை மிக லேசானது, 2 ஜிபியில் லிப்ரே ஆபிஸுக்கு நிறையவே மிச்சம் வைக்கும். அகராதிக் கோப்பை மட்டும் அதற்கும் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

திருத்தக்காரி (சனி, மதியம் 1:00)

சரிங்க ஐயா. முதலில் ஸ்டாட்டிக். வருகிற வெள்ளிக்கிழமை வடபழனி போகும்போது அதே 200 பக்கக் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.